பைண்டிங் பேட்ச் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது, எங்கே தவறுகிறேன்?

#1 நொய்யல்கரை

வணக்கம். லினக்ஸின் மையமான கெர்னலுக்கு முதன்முறையாக ஒரு டிரைவர் (ஒரு சிப்பை இயக்கும் நிரல்) அனுப்பியிருக்கிறேன். ஐ2சி-யில் (இரண்டு கம்பியில் சிப்களை இணைக்கும் முறை) இணையும் சின்ன வெப்பநிலை சென்சார், டிரைவர் முந்நூறு வரிகூட இல்லை. டிரைவருக்கு வந்த கருத்துகள் நான்கைந்துதான், ஒரே மாலையில் சரிசெய்துவிட்டேன். ஆனால் அதோடு அனுப்பிய டிவைஸ் ட்ரீ பைண்டிங், அதாவது இந்த சிப்பை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம்) எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் யாமல் கோப்பு, மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. மொத்தமே நாற்பது வரி.

முதல் தடவை, பைண்டிங்கும் டிரைவரும் ஒரே பேட்ச்சில் (அனுப்பும் ஒரு மாற்றம்) இருக்கக் கூடாது, பைண்டிங் தனியாக முன்னால் வர வேண்டும் என்றார்கள். சரி, பிரித்தேன். இரண்டாவது தடவை, கம்பாட்டிபிள் பெயரில் (டிரைவர் தன் சிப்பை அடையாளம் காணும் பெயர்) கடைசி இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் போட்டது தவறு என்றார்கள் (சிப் மூன்று வகை, பெயர் முடிவது 1, 2, 3 என்று, மூன்றும் ஒரே டிரைவரில் ஓடும்). சிப்புக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரைக் குறிப்பிடவில்லையே என்றும் கேட்டார்கள். எங்கள் போர்டில் அந்த மின்சாரம் எப்போதும் இருக்கும், அதை அணைக்கவே வழி கிடையாது. மூன்றாவது தடவை, எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அளவு எடுக்க வேண்டும் என்று ஒரு ப்ராப்பர்ட்டி (விவரத்தில் ஒரு பண்பு) வைத்திருந்தேன், "இது வன்பொருள் இல்லை" என்று ஒரே வரியில் பதில்.

போர்டு நன்றாக ஓடுகிறது, அளவும் சரியாக வருகிறது. அப்படியிருக்க ஒரு விவரக் கோப்புக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? சண்டைக்குக் கேட்கவில்லை, காரணம் தெரிந்தால் அடுத்த தடவை நானே சரியாக எழுதுவேன்.

#2 வேப்பமரம்

மூன்று சுற்று என்பது வழக்கம்தான், மனம் தளர வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

பிசியில் ஒரு பிசிஐ கார்டையோ யூஎஸ்பி சாதனத்தையோ செருகினால், தயாரித்தவர் எண் இது, என் எண் இது என்று அதுவே சொல்லிவிடும். உங்கள் ஐ2சி சென்சார் வாய் திறக்காது. ஹெக்ஸ் 48 என்ற முகவரியில் யாரோ இருக்கிறார்கள் என்பதற்கு மேல் கெர்னலுக்கு எதுவும் தெரியாது, அதே முகவரியில் உட்காரக்கூடிய சிப்கள் ஏராளம். ஆகவே யாராவது எழுதித் தர வேண்டும். ஏஆர்எம் வகை ப்ராசசர் உள்ள போர்டுகளில் ஒரு காலத்தில் இதை சி மொழியிலேயே எழுதினார்கள், போர்டுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு நிறுவனமும் தன் போர்டுக்கென்று ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்க, பக்கத்துப் போர்டின் கோப்பில் பத்து வரி மட்டும் மாறியிருக்க, அந்தப் பகுதி கட்டுக்கடங்காமல் வீங்கிவிட்டது. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். அதற்குப் பிறகுதான் ஏஆர்எம் உலகம் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக நகர்ந்தது. யோசனை புதிதல்ல, சன் பணிநிலையங்களிலும் ஆப்பிளின் பவர்பிசி மேக்குகளிலும் இருந்த ஓப்பன் ஃபர்ம்வேரின் (கணினியை எழுப்பும் நிரல்) சொத்து அது, 1994-இலேயே ஐஇஇஇ 1275 என்று தரமானது. லினக்ஸின் பவர்பிசி பகுதி 2005 வாக்கில் அதைத் தட்டையான பைனரி வடிவத்தில் எடுத்துக்கொண்டது, ஏஆர்எம் பின்னால் வந்தது.

இப்போது உங்கள் கேள்வி. சி-யில் எழுதிய போர்டு கோப்பு கெர்னலோடு சேர்ந்தே மாறும். டிவைஸ் ட்ரீ அப்படி இல்லை. அதன் பைனரி பல சாதனங்களில் பூட்லோடரோடு (கெர்னலை ஏற்றி எழுப்பும் நிரல்) ஃப்ளாஷில் உட்கார்ந்திருக்கும், கெர்னல் மட்டும் புதிதாகும். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய விவரத்தைக் கொண்டு இன்றைய கெர்னல் எழுந்திருக்க வேண்டும். நீங்கள் இன்று வைக்கும் ஒரு ப்ராப்பர்ட்டி பெயரை நாளைக்குப் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது, பழைய பெயரையும் டிரைவர் என்றென்றும் தூக்கிச் சுமக்க வேண்டும். டிரைவரில் தவறு இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம், பைண்டிங்கில் தவறு இருந்தால் அது குடியேறிவிடும். முந்நூறு வரிக்கு ஒரு மாலையும் நாற்பது வரிக்கு மூன்று சுற்றும் ஆனது அதனால்தான்.

இன்னொன்று. அந்தக் கோப்பைப் படிப்பது லினக்ஸ் மட்டுமில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் படிக்கிறது, யூ-பூட் என்ற பூட்லோடர் படிக்கிறது. 2024-இலிருந்து யூ-பூட்டில் பல போர்டுகள் தமக்கென்று தனிப் பிரதி வைத்துக்கொள்ளாமல் கெர்னல் பக்கத்துக் கோப்புகளையே நேராக எடுத்துக்கொள்கின்றன. பைண்டிங் கோப்பின் தலையில் ஜிபிஎல்-ஓடு பிஎஸ்டி உரிமத்தையும் சேர்த்துப் போடச் சொல்வது இதற்காகத்தான். லினக்ஸ் டிரைவரின் வசதிக்காக எழுதினால் மற்றவர்களுக்கு அது பொருளே தராது.

இனி நீங்கள் சொன்ன நான்கும். தனி பேட்ச்: பைண்டிங்கைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள், டிரைவர் வருமுன் சொல் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும், பேட்ச்சைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டே ஆவணப்படுத்தாத கம்பாட்டிபிளைக் கண்டால் எச்சரிக்கும். எக்ஸ்: நாளைக்கு அதே நிறுவனம் முடிவில் 7 என்று முற்றிலும் வேறான சிப்பை விட்டால் உங்கள் பெயர் அதையும் விழுங்கிவிடும். மூன்று பெயரையும் தனித்தனியாக எழுதுங்கள், மூன்றும் உண்மையிலேயே ஒரே மாதிரி என்றால் ஒன்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றில் "முதலில் என் பெயர், அடுத்து அதன் பெயர்" என்று இரண்டையும் கொடுங்கள். டிரைவர் ஒரே பெயரைத் தெரிந்துவைத்திருந்தால் போதும், நாளைக்கு 2-இல் மட்டும் ஒரு குறை வெளிப்பட்டால் அதைத் தனியாகப் பிடிக்கவும் வழி இருக்கும். ரெகுலேட்டர்: உங்கள் போர்டில் மின்சாரம் எப்போதும் இருக்கலாம், சிப்புக்கு மின்சாரப் பின் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. பைண்டிங் சொல்வது சிப்பைப் பற்றி. உங்கள் போர்டு கோப்பில் நிலையான ரெகுலேட்டர் ஒன்றைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. அளவு எடுக்கும் இடைவெளி: அது பயனரின் விருப்பம். கெர்னலில் சென்சார்களுக்கான ஹெச்டபிள்யூமான் பகுதியில் அப்டேட் இன்டர்வல் என்று, பயனர் எழுதி மாற்றக்கூடிய சிஸ்எஃப்எஸ் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதில் விடுங்கள்.

#3 மூன்றாம்படி

மற்றதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், கடைசியில் மட்டும் எனக்கு உடன்பாடு முழுதாக இல்லை. வன்பொருள் எது, கொள்கை எது என்ற கோடு நீங்கள் சொல்வதுபோல நேராக ஓடவில்லை. ஜிபிஐஓ (நிரலால் ஏற்றி இறக்கவும் படிக்கவும் முடியும் பின்) பொத்தான்களுக்கான பைண்டிங்கில் போல்-இன்டர்வல் என்று ஒன்று இருக்கிறது. சூடாகும் பகுதிகளைக் கண்காணிக்கும் தெர்மல் ஸோன் பைண்டிங்கில் போலிங்-டிலே இருக்கிறது, எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்க்க வேண்டும் என்பதேதான் அது. கெர்னலுக்குள்ளேயே இவை இருக்கும்போது, புதிதாக வருபவர் அவற்றைப் பார்த்து எழுதினால் அவர்மேல் என்ன தவறு? நானும் இப்படித்தான் ஒரு பழைய பைண்டிங்கைப் பார்த்து எழுதி அடி வாங்கினேன். "பழையதில் இருக்கிறதே" என்றால் "பழையது தவறு" என்கிறார்கள். எது தவறு என்று பழைய கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இரண்டு தரப்புக்கும் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

#4 வேப்பமரம்

நியாயமான வருத்தம், மறுக்க மாட்டேன். தெர்மலுக்கு ஒரு வாதம் உண்டு: அந்த போர்டின் உலோகமும் பெட்டியும் எவ்வளவு வேகமாகச் சூடேறும் என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடைவெளி அமைகிறது, ஆகவே அது போர்டின் குணம் என்று சொல்லலாம். முழுதாக நம்புகிறேனா என்றால், பாதிதான். ஆனால் நொய்யல் வைத்த ப்ராப்பர்ட்டிக்கு அந்த வாதம்கூட இல்லை. ஒரே பெட்டியில் ஒருவர் நொடிக்கு நான்கு முறை கேட்பார், இன்னொருவர் நிமிடத்துக்கு ஒருமுறை போதும் என்பார்.

ரிவ்யூ செய்பவர்களின் ஒரு வரிப் பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராப் ஹெரிங், கிரிஸ்டாஃப் கோஸ்லாவ்ஸ்கி, கானர் டூலி என்று மூன்றே பேர்தான் மெயின்டெய்னர் (பொறுப்பாளர்) பட்டியலில் டிவைஸ் ட்ரீ பைண்டிங்குக்கு நிற்கிறார்கள், கெர்னலுக்குள் வரும் அத்தனை சிப்பின் விவரமும் அவர்கள் கண்ணைத் தாண்டித்தான் போகிறது. அனுப்புமுன் பைண்டிங் அடைவுக்குள்ளேயே இருக்கும் "பைண்டிங் எழுதுவது", "ஸ்கீமா எழுதுவது", "பேட்ச் அனுப்புவது" என்ற மூன்று ஆவணங்களையும் படித்துவிடுங்கள், மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேர வாசிப்புதான், உங்கள் மூன்று சுற்றில் இரண்டு அங்கேயே தீர்ந்திருக்கும்.

#5 இரவுப்பேருந்து

விவரம் தவறாகக் குடியேறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பட்டது ஒன்று.

முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) திரையோடு கூடிய ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. திரையின் ரீசெட் பின் தாழ்வில் இருந்தால் ரீசெட், டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பெயருக்கு மேலே கோடு போட்டே காட்டியிருந்தார்கள். டிவைஸ் ட்ரீயில் யாரோ அதை ஆக்டிவ்-ஹை, அதாவது உயர்வில் இருந்தால் ரீசெட் என்று எழுதிவிட்டார்கள். டிரைவர் பழைய ஜிபிஐஓ முறையில் எழுதப்பட்டது, அந்தக் குறிப்பை, அதாவது கொடியை, அது பார்ப்பதே இல்லை, நேராக பின்னில் 0 வைத்து ரீசெட் செய்யும், 1 வைத்து விடுவிக்கும். ஆகவே தவறான விவரத்தோடு வருடக்கணக்கில் எல்லாம் ஓடியது. பெட்டிகள் ஊர் ஊராகப் போய்விட்டன.

அப்புறம் டிரைவர் புதிய டிஸ்கிரிப்டர் முறைக்கு மாற்றப்பட்டது. அது ஒழுங்கான முறை, டிவைஸ் ட்ரீ சொல்வதை நம்பும். டிரைவர் "ரீசெட் போடு" என்றால் ஆக்டிவ்-ஹை என்று எழுதியிருப்பதால் பின் மேலே போனது, "ரீசெட்டை எடு" என்றால் கீழே வந்து அங்கேயே நின்றது. திரை நிரந்தரமாக ரீசெட்டில். கெர்னல் மேம்படுத்திய அத்தனை பெட்டியும் இருட்டு. மூலக் கோப்பில் ஒரு சொல்லை மாற்ற பத்து நொடி போதும், ஆனால் வெளியே போன பெட்டிகளின் பைனரி பூட்லோடர் பக்கத்தில் இருந்தது, அதைத் தொலைவிலிருந்து மாற்ற எங்களுக்கு வழி இல்லை. கடைசியில் எங்கள் கெர்னலிலேயே "இந்தத் திரை, இந்த போர்டு என்றால் கொடியைத் திருப்பிப் படி" என்று எழுதினோம்.

இதே நிலை மற்றவர்களுக்கும் வந்திருக்கிறது. கெர்னலில் ஜிபிஐஓலிப்-ஓஎஃப் கோப்பைத் திறந்து பாருங்கள், எந்தெந்தச் சாதனத்தின் பழைய விவரத்தில் துருவம் (உயர்வா தாழ்வா என்பது) தலைகீழாக இருக்கிறது என்று ஒரு பட்டியலே வைத்துத் திருத்திக்கொள்கிறது. அந்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்களைப்போல யாரோ சில நாள் தூக்கம் தொலைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

#6 செம்மண்

இதோடு தொடர்புடையது, யாமல் ஏன் வந்தது என்பது. பழைய பைண்டிங்குகள் வெறும் உரைக் கோப்புகள். "தேவையான ப்ராப்பர்ட்டிகள்" என்று தலைப்பு, கீழே நான்கு வரி, ஒரு எடுத்துக்காட்டு. ஆளுக்கொரு நடை. எடுத்துக்காட்டை அப்படியே எடுத்துப் போட்டால் டிவைஸ் ட்ரீயைப் பைனரியாக்கும் டிடிசி கம்பைலரே ஏற்காது, அரைப்புள்ளி விட்டிருப்பார்கள். சொன்னதை யாராவது பின்பற்றுகிறார்களா என்று சோதிக்க மனிதக் கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

டிவைஸ் ட்ரீயின் மிகப் பெரிய ஆபத்தே அதன் மௌனம்தான். தெரியாத ப்ராப்பர்ட்டியை கெர்னல் குறை சொல்லாது, கண்டுகொள்ளாமல் போய்விடும். ஒருமுறை, இந்தச் சாதனம் போர்டை எழுப்பலாம் என்று சொல்லும் வேக்கப்-சோர்ஸ் என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். போர்டு தூங்கப் போனது, பொத்தானை அழுத்தினால் எழவே இல்லை. இன்டரப்ட் (சிப் ப்ராசசரை அழைக்கும் சமிக்ஞை), மின்சாரம், டிரைவர், ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது. எந்தப் பதிவிலும் ஒரு எச்சரிக்கைகூட இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த ப்ராப்பர்ட்டி இல்லாமலிருப்பதும் செல்லுபடியாகும் நிலைதான்.

2018 கடைசியிலிருந்து ஜேசன்-ஸ்கீமா (எது வரலாம், எது வரக் கூடாது என்ற விதி) முறையில் யாமல் பைண்டிங் வர ஆரம்பித்தது. இப்போது எடுத்துக்காட்டு கம்பைல் ஆகிறது, அதே ஸ்கீமாவால் சோதிக்கப்படுகிறது, "இதில் சொல்லாத ப்ராப்பர்ட்டி எதுவும் வரக் கூடாது" என்று கடைசியில் ஒரு வரி இருப்பதால் எழுத்துப்பிழை உடனே மாட்டிக்கொள்கிறது. டிடி-பைண்டிங்-செக் உங்கள் பைண்டிங்கைச் சோதிக்கும், டிடிபிஎஸ்-செக் போர்டு கோப்புகளை அந்த பைண்டிங்கோடு ஒப்பிடும். நொய்யல், இரண்டையும் ஓட்டாமல் அனுப்பாதீர்கள், மெயின்டெய்னர் பக்கத்தில் ஒரு தானியங்கி ஓட்டிப் பார்த்துப் பொதுவிலேயே பதில் போட்டுவிடும்.

கெர்னலுக்குள் நுழைய வழி தேடுபவர்களுக்கு ஒன்று. இன்னும் மாற்றப்படாத உரைக் கோப்புகள் இருக்கின்றன, அவற்றை யாமலுக்கு மாற்றுவது நல்ல முதல் வேலை. ஆனால் உரையைப் பார்த்து இயந்திரம்போல மாற்றாதீர்கள். உரை ஒன்று சொல்லும், டிரைவர் வேறொன்றைப் படிக்கும், போர்டு கோப்புகளில் மூன்றாவதாக ஒன்று எழுதியிருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்து, எது உண்மை என்று டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்து, ஏன் மாற்றினேன் என்று கமிட் செய்தியில் (மாற்றத்தோடு வரும் விளக்கம்) எழுதுங்கள். உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

#7 நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பேருந்து அண்ணா, உங்கள் கதையைப் படித்துவிட்டு எங்கள் போர்டு கோப்பில் இருக்கும் ஒவ்வொரு ஜிபிஐஓவையும் டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டேன். ஒன்று தலைகீழாக இருந்தது. இன்னும் வெளியே போகாத போர்டு, தப்பித்தோம்.

இன்னொரு சந்தேகம். டேட்டாஷீட்டில் முகவரி ஹெக்ஸ் 90 என்று இருக்கிறது, ஆனால் ஸ்கேன் செய்தால் 48-இல்தான் சிப் பதில் சொல்கிறது. பைண்டிங் எடுத்துக்காட்டில் எதைப் போடுவது? பக்கத்தில் ஒரு டைமருக்கும் இன்டரப்ட் எண் பொருந்தவில்லை, சிப் கையேட்டில் 77 என்று இருக்கிறது, அதைப் போட்டால் வேலை செய்யவில்லை.

#8 இரவுப்பேருந்து

48 போடுங்கள் தம்பி. டேட்டாஷீட் எழுதியவர் படி-எழுது பிட்டையும் சேர்த்து எட்டு பிட்டாகச் சொல்லியிருக்கிறார், லினக்ஸ் ஏழு பிட் முகவரியைத்தான் கேட்கும், ஒரு பிட் வலப்பக்கம் தள்ளினால் 90 என்பது 48 ஆகிவிடும். எல்எம்75 என்ற வெப்பநிலை சென்சார் குடும்பம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இன்டரப்ட்டுக்கு 45 போடுங்கள். ஜிஐசி-யில் (ஏஆர்எம்மின் இன்டரப்ட் கன்ட்ரோலர்) எல்லா கோர்களுக்கும் பொதுவான இன்டரப்ட்டுகள் 32-இலிருந்து தொடங்குகின்றன, கையேடு மொத்த எண்ணைச் சொல்கிறது, டிவைஸ் ட்ரீ அந்த 32-ஐக் கழித்துக் கேட்கிறது. அந்த வகைக்கு எஸ்பிஐ என்று பெயர், எஸ்பிஐ பஸ்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே கோருக்குரியது என்றால் 16 கழிக்க வேண்டும். உங்கள் டைமர் எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது முதல் எண்ணில் வரும்.

#9 மூன்றாம்படி

பார்த்தீர்களா, இந்த இரண்டு பதிலும் பைண்டிங் ஆவணத்தில் இருக்கிறது. ஜிஐசி பைண்டிங்கின் விளக்கத்தில் எந்த வகைக்கு எந்த எண் வரம்பு என்பது தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் டைமரில் சிக்கியவர் இன்டரப்ட் கன்ட்ரோலரின் கோப்பைப் போய்த் திறக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? இயந்திரத்தால் சோதிக்க முடிவது சோதிக்கப்படுகிறது, மனிதர் தேடிப் படிக்க வேண்டியது பின்தங்குகிறது.

கெர்னலின் பொது ஆவணங்களிலும் இதே கதை. 2016-இல் 4.8 பதிப்பில் டாக்புக் என்ற ஆவணக் கருவியை விட்டு ஸ்ஃபிங்க்ஸுக்கு வரத் தொடங்கினார்கள், ஜோனதன் கார்பெட் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார், மௌரோ கார்வால்யோ செஹாப் போன்றவர்கள் பழைய உரைக் கோப்புகளை ஆயிரக்கணக்கான வரிகளாக மாற்றிக் கொடுத்தார்கள். ஃபங்ஷன் தலையில் எழுதும் கெர்னல்-டாக் குறிப்பு ஓரளவு பாதுகாப்பானது, அளவுரு ஒன்று மாறி குறிப்பு மாறாவிட்டால் ஸ்கிரிப்ட் எச்சரிக்கும். இல்லாத கோப்பைச் சுட்டும் ஆவணங்களைக் கண்டுபிடிக்கவும் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆனால் "இந்தப் பூட்டை எப்போது எடுக்க வேண்டும்" என்று ஒரு பத்தி எழுதியிருந்து, நிரல் மாறி அந்தப் பத்தி பொய்யாகிவிட்டால் எந்தக் கருவிக்கும் தெரியாது. படித்துத் தவறாக எழுதுபவருக்குத்தான் தெரியும், அதுவும் கடைசியில்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கெர்னலில் எதையாவது புரிந்துகொள்ள ஆவணம் படித்து, அது நிரலோடு பொருந்தவில்லை என்று கண்டால், என் வேலையை நிறுத்திவிட்டு அந்த ஆவணத்துக்கு முதலில் ஒரு பேட்ச். மூன்று வரியாக இருந்தாலும் அனுப்புவேன். குழப்பம் மனதில் புதிதாக இருக்கும்போதுதான் அதை எழுத முடியும், புரிந்த பிறகு எங்கே தடுக்கினோம் என்பதே மறந்துவிடும்.

#10 மாலைநேரம்

கேட்கலாமா என்று யோசித்தேன். கெர்னல் ஆவணத்தில் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் எல்லாம் இருக்கின்றன. தமிழ் இல்லை. பேட்ச் அனுப்புவது எப்படி என்ற ஒரு ஆவணத்தையாவது நாம் மொழிபெயர்த்தால் என்ன? கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அந்த ஆங்கில ஆவணத்தின் நீளத்தைப் பார்த்தே மூடிவிட்டார்கள்.

#11 செம்மண்

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பு என்பது முதல் நாள் வேலையில் முடிவதில்லை. மூலம் மாறிக்கொண்டே இருக்கும், மொழிபெயர்ப்பு எத்தனை கமிட் பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் கருவியே 2024-இல் கெர்னலுக்குள் வந்துவிட்டது. சீன மொழிபெயர்ப்பு உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள மெயின்டெய்னர் பட்டியலில் பெயர் கொடுத்த ஆட்கள் இருப்பது. இரண்டு பேராவது மூன்று வருடம் பார்த்துக்கொள்கிறேன் என்று பெயர் தந்தால் நான் மூன்றாவது ஆளாக வருகிறேன். இல்லையென்றால் பழசாகிப்போன தமிழ் ஆவணத்தை நம்பி ஒரு மாணவர் பேட்ச் அனுப்பித் திட்டு வாங்குவார், அது ஒன்றுமே இல்லாததைவிட மோசம்.

#12 வேப்பமரம்

செம்மண் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் கதவை முழுதாகச் சாத்த வேண்டாம். நொய்யலின் இந்த மூன்று சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருத்து வந்தது, ஏன் வந்தது, எப்படித் திருத்தினார் என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதினால் அது மொழிபெயர்ப்பும் இல்லை, மூலம் மாறினால் பொய்யாகவும் ஆகாது. மாலைநேரம், நீங்கள் எழுதத் தயாரென்றால் நான் பிழை பார்த்துத் தருகிறேன். அதை எழுதி முடித்த பிறகும் ஆர்வம் இருந்தால் செம்மண்ணுக்கு முதல் ஆளாக உங்கள் பெயரைக் கொடுங்கள், இரண்டாவது ஆளை நான் தேடுகிறேன்.

#13 மாலைநேரம்

எழுதுகிறேன். நொய்யல் அண்ணாவின் நான்கு பதிப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

#14 நொய்யல்கரை

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பதிப்பு நேற்று போனது. மூன்று கம்பாட்டிபிள், 2-க்கும் 3-க்கும் 1 அடிப்படை. மின்சாரம் கட்டாயப் பட்டியலில். இடைவெளி ப்ராப்பர்ட்டியை எடுத்துவிட்டு டிரைவரில் அப்டேட் இன்டர்வலாக வைத்தேன், ஹெச்டபிள்யூமான் ஆவணத்தில் சிப்புக்கு ஒரு பக்கமும் சேர்த்தேன். இரண்டு சோதனையும் ஓட்டினேன், எடுத்துக்காட்டில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருந்தது அங்கேயே மாட்டியது. இன்று காலை பைண்டிங்குக்கு ரிவ்யூட்-பை (பார்த்து ஒப்புக்கொண்டேன் என்ற குறிப்பு) வந்துவிட்டது!

கடைசியாக ஒன்று. எங்கள் போர்டு கோப்பில் இந்த சென்சாரைச் சேர்க்கும் பேட்ச்சையும் இதே தொகுப்பில் வைக்கலாமா?

#15 வேப்பமரம்

வாழ்த்துகள்! தனியாக அனுப்புங்கள். பைண்டிங்கும் டிரைவரும் சேர்ந்து ஹெச்டபிள்யூமான் மெயின்டெய்னர் வழியாகப் போகும், போர்டு கோப்பு உங்கள் போர்டின் முக்கிய சிப்பான எஸ்ஓசி-யைப் பார்த்துக்கொள்பவரின் கிளை வழியாகப் போகும். அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் சேரும் லினக்ஸ்-நெக்ஸ்ட்டில் பைண்டிங் தெரியும்வரை காத்திருங்கள், அதற்குமுன் அனுப்பினால் சோதனையில் உங்கள் கம்பாட்டிபிள் தெரியாத பெயர் என்று வரும். ஐந்தாம் பதிப்பு எதற்காவது தேவைப்பட்டால் இன்று வந்த ரிவ்யூட்-பையையும் கமிட் செய்தியில் சேர்த்தே அனுப்புங்கள், விட்டுவிட்டால் அவர்கள் திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.